ஆறில் ஒரு பங்கும் இல்லறத்தான் கடமையும்

இல்லறம் என்பதை ஒரே கூரையின் கீழ் வாழ்வோரின் தொகுதி என்ற அளவில் தமிழ் மரபு நிறுத்திக்கொள்ளவில்லை. இல்வாழ்வான் பேணவேண்டியோரை வரிசைப்படுத்தும் திருவள்ளுவர், தென்புலத்தாராகிய முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் ஆகிய நால்வரையும் முன்னே நிறுத்தி இல்வாழ்வானை இறுதியில் வைக்கிறார். அக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகரோ, அரசனுக்குரிய இறை, அதாவது வரி, ஆறில் ஒன்றாக அமைந்ததற்குக் காரணமே இந்த ஐந்து கடமைகளுக்கும் ஐந்து கூறு வேண்டியிருப்பதுதான் என்று போகிறபோக்கில் உரைத்துவிடுகிறார். கற்போர் பலர் நின்று பாராமல் கடந்துவிடும் அந்த விளக்கத்தில் ஓர் அரசியல் தத்துவமே அடங்கியிருக்கிறது: குடும்பத்தின் கடமைகள் முந்தியவை, அரசின் பங்கு அவற்றால் வரையறுக்கப்படுவது. அந்த எல்லையை அரசு மீறுகிறதா என்று கண்காணிப்பது அப்படியானால் யாருடைய வேலை என்ற கேள்வி உடனே எழுகிறது.

சமயப்பற்றுள்ளோர் அரசியலிலிருந்து விலகி நிற்பதே தூய்மை என்னும் எண்ணம் ஈழத்துச் சைவரிடையே இன்றும் வலுவாக உண்டு. ஆனால் பரிமேலழகர் உரையை 1861இல் பதிப்பித்த ஆறுமுக நாவலர், தாம் இல்லறம் புகாத பிரமசாரியாக இருந்தும், பஞ்ச காலத்தில் கஞ்சித்தொட்டி நடத்தியதோடு அமையாது, அரச அதிபர் துவைனத்தின் பாராமுகத்தைப் பகிரங்கமாகக் கண்டித்தார். 1879இல் சட்டநிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதனை அனுப்பவும் முன்னின்று உழைத்தார்.

குடும்பத்தின் முதன்மையை இன்றைய சட்டமும் ஏற்கிறது: 1978ஆம் ஆண்டின் இலங்கை அரசியலமைப்பு, குடும்பத்தைச் சமூகத்தின் அடிப்படை அலகாக ஏற்றுக் காக்கும் பொறுப்பை 27(12)ஆம் உறுப்புரையில் அரசின்மீது சுமத்துகிறது. எனினும் அந்த உறுப்புரை, அரச கொள்கைக்கு வழிகாட்டும் தத்துவங்கள் என்ற பகுதியில் இடம்பெறுவதால், அதை நீதிமன்றத்தில் வலியுறுத்த முடியாது என்று 29ஆம் உறுப்புரை கதவை அடைத்துவிடுகிறது. நீதிமன்றத்துக்கு எட்டாத அந்த வாக்குறுதியை நிறைவேற்றச் செய்யும் வழி, வாக்காளரிடமும் அவர் அனுப்பும் பிரதிநிதியிடமும்தான் எஞ்சியிருக்கிறது.

வாக்குறுதிக்கும் நடைமுறைக்கும் இடையிலான இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதைக் கொழும்புத் தமிழர் 2007 ஜூன் 7ஆம் திகதி கண்டார்கள். புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பகுதிகளின் லொட்ஜுகளில் தங்கியிருந்தோரில் 376 பேரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றித் தலைநகரை விட்டு அகற்றினார்கள். அக்காலத்தில் அந்தச் சிறு அறைகளில் தங்கியவர்கள், வெளிநாட்டிலிருக்கும் கணவனிடம் சேர விசாவுக்குக் காத்திருந்த பெண்கள், மருத்துவத்துக்கென வந்த முதியோர், அவர்களுக்குத் துணையாக வந்த பிள்ளைகள் போன்றோரே. பிரிந்த குடும்பம் ஒன்றுசேர்வதற்கு முன் தரித்து நிற்கும் இடமாக லொட்ஜ் இருந்தது. கையிற் கிடைத்ததைப் பையில் திணித்துக்கொண்டு இறங்கியவர்களுக்குக் காரணம் சரியாகச் சொல்லப்படவில்லை. மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவை ஏற்று உயர் நீதிமன்றம் வெளியேற்றத்தைத் தடுத்தது. ஆனால் அத்தடை கிடைத்தது தனிமனிதரின் அடிப்படை உரிமை என்ற வாயிலாகவே. குடும்பத்தைக் காக்கும் உறுப்புரை அங்கே கைகொடுக்கக்கூடிய நிலையில் இருக்கவில்லை.

ஆயினும், மரபைக் காப்போம் என்று புறப்படுகிறவர் எதைக் காக்கிறோம் என்பதில் தெளிவாக இருத்தல் வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமாகிய தேசவழமையை 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்தனர். அச்சட்டத்துக்கு உட்பட்ட மனைவி, தன் சீதனக் காணியையும் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்க முடியாது. கணவன் போரில் காணாமற்போயிருந்தால், பிள்ளையின் படிப்புக்காகவோ மகளின் திருமணத்துக்காகவோ காணியை விற்க விரும்பும் பெண், முதலில் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை நாடவேண்டும். குடும்பச் சொத்தைக் காக்க எழுந்த விதி, குடும்பத்தைத் தாங்கி நிற்பவளின் கையையே இங்கு கட்டிவிடுகிறது. இத்தகைய விதியைத் திருத்துவது மரபுக்குத் துரோகமாகாது. ஐந்து கடமைகளையும் ஆற்றும் வலிமையை இல்லத்துக்கு மீட்டுக் கொடுப்பதாகும்.

எதைக் காக்கிறோம் என்ற அந்தத் தெளிவு நாவலர் ஆதரித்தவரிடமே தவறியது. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லில் எழுப்பிய இராமநாதன், பெரும் பக்திமானாக இருந்தும், பெண்களுக்கு வாக்குரிமை அளிப்பதை எதிர்த்தார். அவர் பிழைபட்ட இடம் அதுவே என்று கூறத்தான் வேண்டும். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. மறு ஆண்டே, கொட்டாஞ்சேனையை உள்ளடக்கிய கொழும்பு வடக்குத் தொகுதி, நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்ணை இடைத்தேர்தலில் அரசாங்க சபைக்கு அனுப்பியது. 1936இல் மீண்டும் அவரையே தெரிவுசெய்தது. பெண் வாக்களித்தால் இல்லம் சிதையும் என்று அஞ்சியோருக்கு அத்தொகுதி மக்கள் இருமுறை விடையளித்தார்கள்.

தேர்தல் காலத்தில் வெள்ளவத்தைக் கோயில் மண்டபங்களுக்கு ஆசி வேண்டி வரும் வேட்பாளரிடம், 29ஆம் உறுப்புரை குடும்பத்துக்கு அடைத்த கதவைத் திறக்க அவர் முன்மொழிவது என்ன, காணி உறுதியில் கணவனின் ஒப்பத்துக்கென விடப்பட்ட வெற்றிடத்தின் முன் காத்திருக்கும் மனைவிக்கு அவர் தரும் சட்டம் எது என்று, பூமாலை சூட்டுவதற்கு முன்னரே கேட்கவேண்டியவர் அம்மண்டபத்தில் அமர்ந்திருக்கும் இல்லறத்தார்தாம்.