தெரியாமல் மூட்டிய தீ

காட்டுக்குப் போன ஒருவரால் அவர் அறியாமலே தீப் பற்றிவிட்டால் அந்த வினை அவரைச் சேருமா? தீ மூட்டத் தடை இருந்தது அவருக்குத் தெரியாது. யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. ஒருவேளை சாமி கும்பிடவே மலையேறியிருப்பார், அணையாத சூடத்தை அப்படியே விட்டுவிட்டு இறங்கியிருப்பார். ஆனால் மலைச்சரிவு எரிந்துவிட்டது. மனத்தில் தீங்கு இல்லாத இடத்தில் பழி எங்கிருந்து வருகிறது என்பது சமயங்களும் அறவியலும் நெடுங்காலமாக விவாதித்துவரும் கேள்வி.

தமிழ்நாட்டில் இது ஏட்டோடு நின்றுவிடும் கேள்வி இல்லை. கோவை மாவட்டம் போளுவாம்பட்டி வனச்சரகத்துக்குள் இருக்கும் வெள்ளியங்கிரி மலைக்குப் பக்தர்கள் ஏறுவது பெரும்பாலும் பிப்ரவரி முதல் மே வரை. மழையும் பனியும் இல்லாத அந்த மாதங்களே காட்டுத்தீயின் மாதங்களும். இலையுதிர் காடுகளில் சருகு மெத்தைபோல் கிடக்கும், புல்வெளிகள் காய்ந்து நிற்கும். சரிவில் பற்றிய தீ மேல்நோக்கி ஓடும். கீழிருந்து எழும் வெப்பம் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதால், சமதரையில் நடந்து தப்பக்கூடிய தீயிலிருந்து மலையில் ஓடியும் தப்ப முடிவதில்லை. இந்தியக் காட்டுத்தீகளில் மிகப் பெரும்பாலானவை மனிதக் கையால் தொடங்குபவை. அணைக்காத பீடியும், சமைத்துவிட்டுப் போன அடுப்பும், வழிபாட்டுச் சூடமும் அவற்றுக்குப் போதும்.

இதற்காகவே சட்டம் வெகு காலத்துக்கு முன்பே கோடு கிழித்திருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் காப்புக்காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்குகிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துக்கு ஆபத்து வரும் வகையில் தீ மூட்டுவதோடு, எரியும் தீயை அப்படியே விட்டுச்செல்வதையும் தடுக்கிறது. இந்த இரண்டாவது பகுதி கவனிக்கத்தக்கது. தீ வைக்கும் எண்ணம் இல்லாதவரும் எரிவதை அணைக்காமல் போனால் அதற்குப் பொறுப்பாகிறார்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் இறந்தனர். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் எந்தப் பருவத்தில், யார் அனுமதியோடு, எந்தச் சரிவில் கால் வைப்பது என்று கேட்பதில் உயிரே அடங்கியிருக்கிறது என்பதை அந்த நாள் தமிழகத்துக்கு உணர்த்தியது. அதே ஆண்டில் மலையேற்றத்துக்கெனத் தமிழக அரசு தனி விதிகள் வகுத்தது.

தெரியாமல் செய்ததற்குப் பொறுப்பு உண்டா என்பதில் இந்திய மரபுகள் ஒரே குரலில் பேசவில்லை. பௌத்தம் வினையின் வேரை எண்ணத்தில் வைக்கிறது. கொல்லும் கருத்து இல்லாத இடத்தில் கொலைவினை இல்லை. தீத்தடை தெரியாமல் போனவருக்கு இது உடனடி ஆறுதல் தரும். ஆனால் அந்த ஆறுதல் போதுமானதாகத் தோன்றவில்லை. பௌத்தமே அசட்டையின்மையைத் தலையாய நற்பண்பாகப் போற்றுவதை மறந்தால்தான் அது போதும் என்று சொல்ல முடியும்.

சமணம் இன்னும் கூர்மையாக வெட்டுகிறது. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் இம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது பகையையோ கொடுமையையோ அளவுகோலாக வைக்கவில்லை. அசட்டையோடு கூடிய செயலால் உயிரைப் போக்குவதே அங்கே இம்சை. வந்தவாசி அருகே உள்ள பொன்னூர் மலையோடு மரபு இணைத்துப் பேசும் குந்தகுந்தர், தம் பிரவசனசாரத்தில் மேலும் ஒரு படி போகிறார். உயிர் இறந்தாலும் இறக்காவிட்டாலும் அசட்டையாக நடப்பவருக்கு இம்சை நிச்சயம். முறையாகக் கவனித்து நடப்பவரின் காலடியில் தற்செயலாக ஓர் உயிர் இறந்தாலும் அவருக்கு வினைப் பிணைப்பு இல்லை. விளைவு எதுவானாலும், நடக்கும்போது கண் திறந்திருந்ததா என்பதே கேள்வி. தீயையே உயிருள்ள உடலாகக் கருதும் சமயம் இப்படிச் சொல்வது காட்டுக்குப் போகிறவருக்கு மிகப் பொருந்தும். விசாரிக்காமல் போய், சூடம் ஏற்றி, ஒன்றும் நேராமல் வீடு திரும்பியவரும் குற்றம் நீங்கியவர் அல்லர். அவருக்கு வாய்த்தது நல்லூழ் மட்டுமே.

கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் இதே முடிவுக்கு வேறு வழியில் வந்தார். அறிந்திருக்க வேண்டியதை, அதுவும் எளிதில் அறியக்கூடியதை, அறியாமல் இருப்பவரைச் சட்டம் தண்டிப்பது நியாயமே என்கிறார். கவனமாக இருப்பது அந்த அறியாதவரின் கையில்தான் இருந்தது. 1877-இல் ஆங்கிலக் கணித அறிஞர் கிளிஃபோர்டு ஒரு கப்பல் முதலாளியைக் கற்பனை செய்தார். பழைய கப்பல் தாங்குமா என்ற ஐயத்தைச் சோதித்துப் பார்க்காமல் நம்பிக்கையால் அமுக்கிவிட்டுப் பயணிகளை ஏற்றி அனுப்புகிறார் அவர். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளியே என்பது கிளிஃபோர்டின் வாதம். திருக்குறளும் பொச்சாவாமைக்கென்று, அதாவது கவனம் தவறாமைக்கென்று, ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறது.

அறிவதற்கு வழியே இல்லாதவரைப் பழிப்பது அநியாயம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கேட்க ஆளும் அறிவிப்புப் பலகையும் இல்லாத காட்டில் வழி தவறியவரின் நிலை வேறு. வனச்சரக அலுவலகமும், அடிவாரச் சோதனைச் சாவடியும், கையில் தொலைபேசியும் இருக்கும் இடத்தில் ‘தெரியாது’ என்ற சொல்லுக்கு வலு குறைந்துவிடுகிறது.

ஒருமுறை தெரிந்துகொண்ட தகவலும் நெடுநாள் செல்லாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் முழுத் தீத்தடை மாவட்டம் மாவட்டமாக, ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக அறிவிக்கப்படுகிறது. 2009 பிப்ரவரி 7 அன்று 173 பேரைத் தீயில் இழந்த மாநிலம் அது. நேற்று அனுமதி இருந்தது என்பது இன்றைக்குப் பதில் ஆகாது. தமிழக மலைகளிலும் அப்படித்தான். காற்றின் திசை மாறினாலே காலையில் திறந்த பாதை மதியம் மூடப்படலாம். கடந்த ஆண்டு போய்வந்த அனுபவம் இந்த ஆண்டின் அனுமதிச் சீட்டு ஆகாது.

பக்தியின் பக்கமிருந்து ஒரு மறுப்பு எழும். நேர்த்திக்கடனைத் தடுக்க வனத்துறைக்கு என்ன உரிமை, தீ இறைவனின் வடிவமாயிற்றே என்பார்கள். மறுப்பில் உள்ள உணர்வு மதிக்கத்தக்கது. ஆனால் சைவ, வைதிக மரபுகள் தீயைக் கட்டவிழ்த்து வணங்கியதே இல்லை. வேள்வித்தீக்கு அளந்து கட்டிய குண்டம் உண்டு. திருவண்ணாமலை மலையுச்சித் தீபத்தைப் பர்வதராஜகுலத்தினரே ஏற்றுகிறார்கள், அதுவும் குறித்த நாளில், குறித்த பொழுதில், கொப்பரைக்குள். யார், எங்கே, எப்போது ஏற்றலாம் என்ற வரம்பே அந்தத் தீயை வழிபாடாக்குகிறது. வரம்பு இல்லாத தீ எப்படியிருக்கும் என்பதை மகாபாரதம் காண்டவ வனத்தில் காட்டுகிறது. அக்கினியின் பசிக்குக் காடே இரையாகி, தப்பிய உயிர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மிஞ்சின.

2024 டிசம்பரில் திருவண்ணாமலையில் மண்சரிவு ஏற்பட்டபின் பக்தர்கள் மலையேறுவதற்குத் தடை விதிக்கப்பட்டது. தீபம் ஏற்றப்பட்டது, பக்தர்கள் கீழிருந்து கண்டு வணங்கினார்கள். வழிபாடு குறைந்துவிட்டதாகச் சொல்ல எந்த ஆகமக் காரணமும் இல்லை. பெரியபுராணம் போற்றும் பூசலார் நாயனார் திருநின்றவூரில் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார். காஞ்சியில் பல்லவ மன்னன் எழுப்பிய கற்கோயிலின் குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, இறைவன் முதலில் பூசலாரின் கோயிலுக்கு எழுந்தருளினான் என்பது வரலாறு. உள்ளத்தால் நிறைவேறும் வழிபாட்டை இவ்வளவு உயர்த்திய மரபில் நிற்பவர், மலைமேல் சூடம் ஏற்றாமல் நேர்த்தி நிறைவேறாது என்று வாதிட முடியாது.

ஆகவே மலைக்குப் புறப்படுபவர்கள் முந்தின நாளே அந்தந்த வனச்சரக அலுவலகத்தில் பாதை திறந்திருக்கிறதா, தீக்குத் தடை உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். காலையில் அடிவாரத்தில் இன்னொரு முறை கேட்க வேண்டும். தீப்பெட்டியையும் சூடத்தையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். வெள்ளியங்கிரிப் பாதை மூடியிருந்தால் பூண்டியில், மலையின் அடிவாரத்திலேயே, வெள்ளியங்கிரி ஆண்டவர் கோயில் இருக்கிறது.