பயணம் நின்றது, பணம் நிற்கலாமா?

 



2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் தேதியை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். கொரோனா என்னும் கொள்ளைநோய் நாடுகள்தோறும் பரவத் தொடங்கிய வேளையில், வெளிநாட்டார் உம்ராவுக்கு வருவதை நிறுத்தி வைப்பதாக சவூதி அரசாங்கம் அன்று அறிவித்தது. உற்றார் உறவினரிடம் ஸலாம் சொல்லி விடைபெற்று, இஹ்ராம் உடையுடன் விமான நிலையம் வரை சென்றவர்கள் கண்ணீரோடு வீடு திரும்பினார்கள். ஹஜ்ஜுக்கான ஒப்பந்தங்களைச் செய்ய அவசரப்பட வேண்டாம் என்று மார்ச் மாத இறுதியில் சொன்னார்கள். ஜூன் 22-ஆம் தேதியன்று, சவூதியில் வசிப்பவர்களிலேயே மிகச் சிலர் மட்டும் அவ்வருடம் ஹஜ்ஜுச் செய்வார்கள் என்ற முடிவு வந்தது. மறுநாளே, நம் நாட்டிலிருந்து விண்ணப்பித்திருந்த 2 லட்சத்து 13 ஆயிரம் பேரும் போக இயலாது என்பது உறுதியாயிற்று. அடுத்த ஆண்டும் வெளிநாட்டாருக்கு வழி திறக்கவில்லை. அங்கு வசிப்பவர்களில் 60 ஆயிரம் பேரே ஹஜ்ஜுச் செய்தார்கள். 2022-இல் வழி திறந்தபோதோ, 65 வயதைக் கடந்தவர்களுக்கு இடமில்லை என்றார்கள். அந்த வயது வரம்பு நீங்கியது 2023-இல்தான். இதற்கிடையில் எத்தனையோ பெரியவர்கள் கஃபாவைக் காணாமலேயே கண் மூடிவிட்டார்கள்.

இவையெல்லாம் நடந்து முடிந்தவை. ஆனால் அவற்றின் கணக்குகள் எல்லா ஊர்களிலும் தீர்ந்துவிடவில்லை. பயணத்துக்கென்று கொடுத்த பணம் திரும்பி வராத வீடுகள் இன்றும் உண்டு. வாங்கிய பணத்தைத் திருப்பித் தராமல், தொழுகைக்கு வந்தாலும் பின் ஸஃப்பில் முகம் மறைத்து நின்றுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஆகவேதான் இம்மாதம் இதைப் பற்றிப் பேச நேர்ந்தது.

ஹுதைபிய்யா தரும் ஆறுதல்

மக்காவின் வாயிலில் நின்று திரும்பியவர்கள் நாம் முதலாமவர்கள் அல்லர். ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு, நம் நாயகம் (ஸல்) அவர்கள் சுமார் 1,400 தோழர்களுடன் இஹ்ராம் அணிந்து, குர்பானிப் பிராணிகளையும் ஓட்டிக்கொண்டு உம்ராவுக்குப் புறப்பட்டார்கள். ஹுதைபிய்யா என்னுமிடத்தில் குறைஷிகள் வழி மறித்தார்கள். இவ்வருடம் திரும்பிச் செல்வது, அடுத்த வருடம் வருவது என்று உடன்படிக்கை எழுதப்பட்டது.

பிராணிகளை அங்கேயே அறுத்து, தலைமுடி களைந்து, இஹ்ராமிலிருந்து நீங்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியபோது, துக்கம் மேலிட்ட ஸஹாபாக்களில் ஒருவரும் எழவில்லை. மூன்று முறை சொல்லியும் எழவில்லை. அப்போது அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் ஓர் ஆலோசனை சொன்னார்கள். யாரிடமும் ஒன்றும் பேசாமல், தாங்களே முதலில் அறுத்து முடி களையுங்கள் என்பதே அது. நாயகம் (ஸல்) அவர்கள் அவ்விதமே செய்தார்கள். அதைக் கண்டதும் அனைவரும் எழுந்தார்கள். தோல்வி என்று மனிதர்கள் நினைத்த அந்தத் திரும்புதலைத்தான் அல்லாஹ் ‘ஃபத்ஹ்’ அத்தியாயத்தில் தெளிவான வெற்றி என்று பெயரிட்டு அழைத்தான். அடுத்த ஆண்டு அவர்கள் வந்தார்கள், உம்ராவையும் நிறைவேற்றினார்கள்.

தபூக் போரின்போதும் இவ்வாறே ஒரு செய்தி உண்டு. தக்க காரணத்தால் மதீனாவிலேயே தங்க நேர்ந்தவர்களும், நாம் கடந்து வந்த ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் நம்முடன் நன்மையில் பங்காளிகளாக இருக்கிறார்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருப்பதை புகாரி ஷரீஃபில் காண்கிறோம். எனவே, உண்மையான நிய்யத்துடன் பணம் கட்டிக் காத்திருந்து, நோயின் காரணமாகத் தடைப்பட்டவரின் நன்மையை ரப்புல் ஆலமீன் வீணாக்க மாட்டான். அந்தக் கணக்கு அவனிடம் பத்திரமாக இருக்கிறது.

கொள்ளைநோய் உள்ள ஊருக்குப் போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்துவிட்டால் அங்கிருந்து வெளியேறாதீர்கள் என்பது நாயகத்தின் கட்டளை. ஹிஜ்ரி 18-இல் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டதும் வழியிலேயே திரும்பினார்கள். ஆகவே பயணத்தை நிறுத்தியதில் குறை காண மார்க்கத்தில் இடமில்லை.

மனிதனின் ஹக்கு

ஆனால், நிய்யத்துக்கு நன்மை கிடைத்துவிட்டது என்பதால் பணத்தின் கணக்கு தீர்ந்துவிடுமா? தீராது. அல்லாஹ்வுடைய ஹக்கு வேறு. அடியானுடைய ஹக்கு வேறு. அல்லாஹ்வின் பாதையில் உயிரையே கொடுத்த ஷஹீதுக்கும் எல்லாப் பாவங்களும் மன்னிக்கப்படும், கடனைத் தவிர என்பது ஹதீஸின் கருத்து. உயிர் கொடுத்தவர் நிலையே இதுவென்றால், பிறர் கொடுத்த பணத்தைக் கையில் வைத்திருப்பவர் நிலை என்ன?

பல வருடங்கள் அக்கம்பக்கத்தாரை உம்ராவுக்கு அழைத்துச் சென்று நற்பெயர் எடுத்த ஒருவர் எம்மிடம் வந்தார். 2020 மார்ச்சில் புறப்பட வேண்டியிருந்த கூட்டத்தில் ஒரு விதவைத் தாயாரும் இருந்தார்கள். கையில் கிடந்த வளையல்களை விற்றுப் பணம் கட்டியவர்கள். பயணம் நின்றது. விமானக் கம்பெனி சில மாதங்கள் கழித்து டிக்கட் பணத்தை இவருக்குத் திருப்பித் தந்தது. அப்போது இவருக்கு வருமானமே இல்லை. கடை வாடகை மாதக்கணக்கில் பாக்கி. அந்தப் பணம் வாடகைக்குப் போய்விட்டது. அந்த அம்மா கேட்கும்போதெல்லாம், பணம் இன்னும் வரவில்லை என்று சொல்லி வந்தார். 2021-இல் இரண்டாம் அலையில் அந்த அம்மா மவுத்தாகிவிட்டார்கள். இவர் எம் முன் அமர்ந்து, ‘ஹஜ்ரத், பணத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறேன். சொன்ன பொய்க்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?’ என்று அழுதார்.

சகோதரர்களே! அந்தக் கேள்விக்கு எம்மிடம் எளிய விடை இல்லை. பணத்தை வாரிசுகளிடம் ஒப்படையுங்கள், அவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள், தவ்பாச் செய்யுங்கள், அந்த அம்மாவின் மறுமைக்காக ஆயுள் உள்ளவரை துஆச் செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். அவர் பணத்தை ஒப்படைத்துவிட்டார். ஆனால் உரியவரிடம், உயிருள்ளபோது சொல்லியிருக்க வேண்டிய ஒரு வார்த்தை சொல்லப்படாமலே போய்விட்டது.

பயண ஏற்பாட்டாளர்கள் கவனிக்க

பணம் வாங்குவது இரண்டு விதமாக நடக்கிறது. முதலாவது: இத்தனை ரூபாய் தாருங்கள், டிக்கட், விசா, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் நம் பொறுப்பு என்று ஒரே தொகை பேசுவது. இது கூலிக்குச் சேவையை விற்பதாகும். சேவை நடக்கவில்லையென்றால் அதற்கான கூலியும் சேராது. இரண்டாவது: உங்கள் சார்பில் விசா எடுத்துத் தருகிறேன், டிக்கட் எடுத்துத் தருகிறேன், என் சிரமத்துக்கு இவ்வளவு என்று பேசுவது. இவர் வகீல், அவர் கையிலுள்ளது அமானிதம். சம்மதத்துடன் செலவிட்ட பணம் அவருடைய கவனக்குறைவின்றி நஷ்டமானால் அவர் மீது குற்றமில்லை. ஆனால் செலவிட்டதற்கு ரசீது காட்ட வேண்டும். எஞ்சியதை ஒப்படைக்க வேண்டும். திரும்பி வந்ததையும் ஒப்படைக்க வேண்டும். நும்முடைய ஒப்பந்தம் எந்த வகை என்பதில் ஐயம் இருந்தால் ஆலிம்களிடம் பத்திரத்தைக் காட்டித் தெளிவு பெறுங்கள்.

முகவர் வழியாக எடுத்த டிக்கட்டுகளுக்கு விமானக் கம்பெனி தரும் தொகையை முகவர் உடனடியாகப் பயணியிடம் சேர்க்க வேண்டும் என்று, ஊரடங்குக் கால டிக்கட்டுகள் பற்றிய வழக்கில் 2020 அக்டோபர் 1-ஆம் தேதி நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. இந்திய ஹஜ் கமிட்டி அவ்வருடம் வாங்கிய பணத்தைப் பிடித்தம் ஏதுமின்றி முழுமையாகத் திருப்பித் தருவதாக அறிவித்தது. உலகச் சட்டமே இவ்வளவு சொல்லும்போது, அமானிதத்தை உரியவரிடம் சேர்க்குமாறு திருமறையின் ‘நிஸா’ அத்தியாயத்தில் ஏவப்பட்ட நாம் அதற்குக் கீழே இறங்கலாமா?

பழம் விற்ற ஒருவரைப் பற்றி முஸ்லிம் ஷரீஃபில் ஒரு ஹதீஸ் வருகிறது. விற்ற பழத்தை இயற்கைச் சேதம் அழித்துவிட்டால், வாங்கியவரிடமிருந்து விலையைப் பெறுவது ஆகாது. எந்த நியாயத்தைக் கொண்டு உம் சகோதரனின் பொருளை எடுப்பீர் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டிருக்கிறார்கள். இதன் சட்ட விவரங்களில் இமாம்களுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் ஒவ்வொரு வியாபாரியின் கல்லாப்பெட்டியின் மீதும் எழுதப்பட வேண்டியது.

பணத்துக்குப் பதிலாகப் பின்னொரு நாள் பயணம் தருகிறேன் என்று சொல்வதில் தவறில்லை. வாங்கியவர் மனப்பூர்வமாகச் சம்மதித்தால் அது புதிய ஒப்பந்தம். சம்மதமின்றித் திணித்தால் அது வியாபாரமல்ல. இவ்வருடத்துப் பயணியின் பணத்தை எடுத்துப் போன வருடத்துப் பயணியின் கடனை அடைப்பதோ, ஒரு குழியை மூட இன்னொரு குழி தோண்டுவதாகும்.

பணம் கொடுத்தவர்கள் கவனிக்க

ஏற்பாட்டாளர் எல்லோரும் மோசடிக்காரர் அல்லர். மக்கா, மதீனாவில் தங்குமிடத்துக்கு முன்பணம் கட்டி, அது திரும்பாமல் நொடிந்துபோனவர்களும் உண்டு. கஷ்டத்திலிருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் தருமாறும், விட்டுக் கொடுப்பது அதைவிட மேலானது என்றும் அல்லாஹ் ‘பகரா’ அத்தியாயத்தில் அறிவிக்கிறான். எனவே அவகாசம் கொடுங்கள். மாதத் தவணையாகத் தருகிறேன் என்றால் எழுதி வாங்கிக்கொண்டு ஒப்புக்கொள்ளுங்கள். முச்சந்தியில் நின்று அவரையும் அவர் குடும்பத்தாரையும் இழிவாகப் பேசாதீர்கள். உம்ராவுக்குச் சேர்த்த நன்மை புறத்தில் கரைந்துவிடும். ஆனால் வசதி இருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பதால், அத்தகையவரை ஜமாஅத்தின் முன் நிறுத்தி ஹக்கைக் கேட்பதும் தவறல்ல.

பணம் திரும்பக் கிடைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹஜ்ஜுக்கென்று சேர்த்த பணம் கைக்கு வந்ததும் அது வீட்டு மராமத்திலும் கல்யாணச் செலவிலும் காணாமற்போவதைப் பார்க்கிறோம். கடன் இருந்தால் முதலில் அதை அடையுங்கள். எஞ்சியதைத் தனியே வையுங்கள். நிய்யத்தைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். வஸிய்யத்தும் எழுதி வையுங்கள். ஏனெனில், முன்பே ஹஜ்ஜுக் கடமையாகியிருந்தும் பிற்படுத்தி மவுத்தானவருக்காக, ஷாஃபிஈ மத்ஹபின்படி அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து பதலி ஹஜ்ஜுச் செய்விக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபின்படி அவர் வஸிய்யத்துச் செய்திருந்தால் மூன்றில் ஒரு பாகத்திலிருந்து செய்விக்க வேண்டும். திரும்பி வந்த பயணப் பணமும் அந்தச் சொத்தில் சேர்ந்ததே. அந்தந்த மத்ஹபின் ஆலிம்களிடம் விவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிப் போகிறவர்கள், அரசாங்க அங்கீகாரம் பெற்ற ஏற்பாட்டாளர்தானா என்று பாருங்கள். பயணம் நின்றால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில் திரும்பும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் பெறுங்கள், சாட்சி வையுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதச் சொல்லும் ஆயத்துதான் திருமறையிலேயே மிக நீளமான ஆயத்து. நம்பிக்கையுள்ளவரிடம் எழுதி வாங்குவது அவரை அவமதிப்பதல்ல. இருவரையும் ஷைத்தானிடமிருந்து காப்பதாகும்.

மீண்டும் ஹுதைபிய்யாவுக்கு வருவோம். உடன்படிக்கை எழுதிக்கொண்டிருக்கும்போதே, மக்காவிலிருந்து தப்பிய அபூ ஜந்தல் (ரலி) அவர்கள் காலில் விலங்குடன் வந்து விழுந்தார்கள். அவ்வாறு வருவோரைத் திருப்பி அனுப்புவதென்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது. நெஞ்சம் வெடிக்கும் அந்த நேரத்திலும் நாயகம் (ஸல்) அவர்கள் பொறுமையை உபதேசித்து, கொடுத்த வாக்கைக் காத்தார்கள். எதிரியிடம் கொடுத்த வாக்குக்கே அவ்வளவு மதிப்பென்றால், ஹரமைக் காணும் ஆசையில் வளையல் விற்றுத் தந்த ஒரு தாயிடம் கொடுத்த வாக்குக்கு எவ்வளவு மதிப்பு இருக்க வேண்டும்!

யா அல்லாஹ்! வழி அடைபட்டுத் திரும்பியவர்களின் நிய்யத்தை ஏற்றுக்கொள்வாயாக. அந்த ஆசையுடனேயே உன்னிடம் வந்தவர்களின் கப்றுகளை ஒளிமயமாக்குவாயாக. எங்கள் கையில் பிறர் பொருள் ஒரு காசும் எஞ்சாத நிலையில் எங்களை உன்னிடம் அழைத்துக்கொள்வாயாக. உன் இல்லத்தை ஹலாலான பொருளைக் கொண்டு தரிசிக்கும் பாக்கியத்தை எங்கள் அனைவருக்கும் தருவாயாக.

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.