அடியேன் என்னும் சொல்

ஸ்ரீவைஷ்ணவ க்ருஹங்களில் நாள்தோறும் பலமுறை ஒலிக்கும் சொல் 'அடியேன்' என்பது. பெரியோர் அழைத்தால் மறுமொழி அதுவே. இட்ட பணியை ஏற்றமைக்கு அடையாளமும் அதுவே. 'நான்' என்று சொல்ல வேண்டுமிடத்தில் வழங்குவதும் அதுவே. ஓயாது வழங்குவதாலேயே அதன் பொருள் நினைவிற்கு வாராமற் போவதுண்டு. நாவிற்குப் பழகிய சொல் நெஞ்சிற்கு அந்நியமாய் நின்றுவிடலாகாது. எம்பெருமான் வீதியில் எழுந்தருளும் இந்நன்னாளில் அச்சொல்லைச் சற்றே நின்று சிந்திப்பது உசிதம்.

'அடி'யாவது திருவடி. 'ஏன்' ஆவது தன்மை ஒருமை விகுதி; 'வந்தேன்', 'கண்டேன்' என்பவற்றின் ஈற்றில் நிற்பதும் இதுவே. 'நான்' என்னும் சொல் பிறிதொன்றின் துணை வேண்டாது தானே தலையெடுத்து நிற்கும். 'அடியேன்' என்னுமிடத்திலோ முன்னே நிற்பது திருவடி. பேசுகிறவன் அதன் பின்னே விகுதியாய் ஒட்டி நிற்கிறான். விகுதி தனியே நின்று பொருள் தராது. அவ்வாறே ஜீவனுக்கும் எம்பெருமானைப் பிரிந்து தனித்ததோர் இருப்பு இல்லை. இதனையே பெரியோர் சேஷத்வம் என்றனர்.

ஆயினும் அச்சொல்லில் விகுதி அழிந்துவிடவில்லை என்பதும் நோக்கத்தக்கது. விசிஷ்டாத்வைத ஸித்தாந்தத்தில் ஜீவன் மோக்ஷத்திலும் ஒழிவதில்லை. நித்ய கைங்கர்யம் செய்பவனாக விளங்குகிறான். ஒழிய வேண்டுவன அஹங்காரமும் மமகாரமுமே. திருமந்த்ரத்தின் நடுப்பதமாகிய 'நம:' என்பதை 'ந', 'ம:' எனப் பிரித்து, 'எனக்கு உரியேன் அல்லேன்' என்று பொருள் காட்டினர் பூர்வாசார்யர்கள். அவ்வரிய பொருளையே இல்லந்தோறும் குழந்தையும் சொல்லும்படி எளிதாக்கித் தருகிறது 'அடியேன்' என்னும் தமிழ்ச் சொல்.

1017-ஆம் ஆண்டில் அவதரித்த எம்பெருமானார், ரஹஸ்யார்த்தம் பெறுவதற்காகத் திருக்கோட்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்தார் என்பது குருபரம்பரை கூறும் செய்தி. 'யார்?' என்று நம்பி வினவ, 'நான்' என்று விடை வந்தவரையில் உபதேசம் கிட்டவில்லை என்றும், 'அடியேன்' என்றபின்னரே கிட்டியது என்றும் கர்ணபரம்பரையாகச் சொல்லுவர். அத்தனை தூரமும் அவர் நடந்தது இவ்விரு சொற்களின் இடைவெளியைக் கடக்கவே போலும்!

இச்சொல் எம்பெருமானளவில் நின்றுவிடுவதும் அன்று. பெருமாள் ஸந்நிதியில் ஸாதிக்கப்படும் திருவடிநிலைக்கு நம்மாழ்வாரின் திருநாமமாகிய சடகோபம் என்பதே பெயர். நம்மாழ்வாரின் திருவடிநிலை 'ராமாநுசம்' எனப்படும். ராமாநுஜரின் திருவடிநிலை 'முதலியாண்டான்' எனப்படும். ஒருவருடைய திருவடியாக அறியப்படுவதே மற்றவருக்குப் பெருமை. ஆகவே பகவானுக்கு அடியேன் என்பவன் பாகவதர்களுக்கும் அடியேனாதல் வேண்டும்.

இங்கேதான் சோதனை. தீர்த்தம் பெற வரிசையில் நிற்கையில், 'அடியேன், அடியேன்' என்று வாய் சொல்ல, கை முன் நிற்பவரை ஒதுக்குகிறது. 'எனக்கு முன் அவருக்கா?' என்று மனம் கொதிக்கிறது. ஆசார்யனிடத்தில் 'அடியேன்' என்று குழைந்தவன், மடைப்பள்ளியில் வியர்வை சிந்துபவரிடமும் வாசலைப் பெருக்குபவரிடமும் 'நான் யார் தெரியுமா?' என்கிறான். அப்போது சொல் இருக்கிறது, அடி போய்விட்டது. எஞ்சியது வெறும் விகுதியே.

தள்ளாத வயதினர் ஒருவர் பின்னே நிற்கக் கண்டு, ஓசையின்றி ஓரடி விலகி அவருக்கு இடம் கொடுப்பவன், வாயால் சொல்லாவிடினும் 'அடியேன்' என்று சொன்னவனே ஆவான்.

ஸேவிக்க வந்த பாகவதர்கள் இன்று சடாரி பெறும்போது இதனை நினைவிற் கொள்வார்களாக. தலைமேல் திருவடி, அதன்கீழ்க் குனிந்த தான். நாள்தோறும் சொல்லும் சொல்லின் பொருள் அக்கணத்தில் தன்மீதே அமர்கிறது. குனிந்த அத்தலை, ஸந்நிதியைவிட்டு வெளியே வந்த பின்னும் நிமிராதிருக்க எம்பெருமான் திருவுள்ளம் பற்றுவானாக.