கொடுக்கும் கை

முதிர்ந்த பிராயத்தில் தேசம் விட்டுத் தேசம் சென்று குடியேறுகிறவருக்கு, அவரை ஏற்றுக்கொண்ட நாடும் அவரை அழைத்துக்கொண்ட மக்களும் எதைச் செய்தால் கடமை தீரும் என்ற கேள்வியைச் சமூக சேவை இலாகாக்கள் தமக்கே உரியதாக எடுத்துக்கொண்டு, பாஷை வகுப்பு, பஸ் பிரயாணம், வைத்தியரிடத்தில் மொழிபெயர்ப்பாளர் என்று விடை எழுதி வைத்திருக்கின்றன. அவை யாவும் வேண்டியவையே. ஆயினும் அந்தக் கேள்வி தர்மத்தைப் பற்றியது. அவற்றோடு அது முடிந்துவிடுவதில்லை.

விவிலியத்தில் லேவியராகமத்தின் 19-ஆம் அதிகாரத்தை வாசிக்கிறவர், நரைத்த தலைக்கு முன் எழுந்து நிற்கவேண்டும் என்ற விதியும், உன் தேசத்தில் வந்து தங்கும் அந்நியனை ஒடுக்காமல் உன்னைப்போலவே நேசி என்ற விதியும் அடுத்தடுத்த வசனங்களில் நிற்பதைக் காண்பார். நரையும் அந்நியமும் ஒரே மனிதரிடத்தில் வந்து கூடினால் என்ன செய்வது என்று அங்கே தனியாகச் சொல்லப்படவில்லை. நம் சாஸ்திரமோ இன்னும் தொலைவில் நிற்கிறது. மகனுக்கு மகன் பிறந்ததைக் கண்டபின் கிருகஸ்தன் வீட்டை விட்டு வனம் புகலாம் என்கிறது மனுஸ்மிருதி. இக்காலத்திலோ, பேரப்பிள்ளையின் முகத்தைக் காண்பதற்காகவே வீட்டையும் கிணற்றையும் பனங்காணியையும் விட்டுப் புறப்பட்டுப் பனி பெய்யும் ஊர்களில் போய் இறங்கியிருக்கிறார்கள் நம்முடைய முதியோர்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் அகதிகளாகக் கனடா சென்ற யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள், காலூன்றிய பிறகு தாய் தந்தையரை ‘ஸ்பொன்சர்’ செய்து அழைத்துக்கொண்டதனால், ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் இத்தகைய முதியோரைக் கோயில் மண்டபங்களிலும் வணிக வளாகத்து இருக்கைகளிலும் இன்று காணலாம். அழைக்கும் பிள்ளை, இருபது ஆண்டுகள் பெற்றோரின் ஜீவனத்துக்குத் தானே பொறுப்பு என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கவேண்டும். கியூபெக் மாகாணத்தில் மட்டும் அது பத்து ஆண்டு. அந்தக் காலத்துக்குள் பெற்றோர் அரசின் உதவிப் பணத்தை வாங்கினால், அதைப் பிள்ளையே திருப்பிக் கட்டவேண்டும். முதியோர் பென்சன் 65 வயதில் தொடங்குவது. எனினும் நாட்டில் பத்து ஆண்டு வசித்திருந்தாலன்றி அது கிடைப்பதில்லை. 62-ஆம் வயதில் வந்திறங்கிய ஓர் அம்மையார் பொதுவாக 72 வரையில் காத்திருக்கவேண்டும். அப்பொழுதும் முழுப் பென்சனுக்கு நாற்பது ஆண்டு வாசம் கணக்காதலால், அதில் நாலில் ஒரு பங்கே அவர் கைக்கு வரும். பிரஜாவுரிமைக்கான பாஷைப் பரீட்சையிலிருந்து 55 வயதானோருக்கு விலக்கு உண்டு. இது கருணைதான்; ஆனால் உம்மிடமிருந்து எதையும் எதிர்பார்க்கவில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிடுவதும் அதில் கலந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இவர்கள் பசித்திருப்பதில்லை. பிள்ளைகள் பெரும்பாலும் நல்லவர்கள். இழந்தது வேறு. ஊரில் இருந்தபோது வாசலில் வந்தவருக்குத் தேநீரும், அயல்வீட்டுக்கு ஒரு பிடி முருங்கைக்காயும், கோயில் உண்டியலுக்கு ஒரு நாணயமும், பரீட்சையில் தேறிய பிள்ளைக்கு ஏதோ ஒரு சன்மானமும் யாரையும் கேளாமல் கொடுத்துப் பழகிய கை, இங்கே ஒரு டொலருக்கு மகனிடம் நீளவேண்டியிருக்கிறது. மகன் சந்தோஷமாகவே கொடுக்கிறான். ஆனால் அவன் கொடுத்ததைக் கொண்டுபோய் உண்டியலில் போடுகிறவளுக்கு, அந்தத் தர்மம் தன்னுடையதா மகனுடையதா என்பது தெரியாமற் போகிறது. சாவைக் காட்டிலும் துன்பமானது இல்லை, ஆனாலும் கொடுக்க இயலாத நிலையில் அதுவும் இனிதே என்ற கருத்தை வள்ளுவர் வைத்திருப்பது ஈகை அதிகாரத்தின் கடைசிக் குறளில்.

மகாபாரதத்தில் யுத்தம் முடிந்தபின் வரும் ஆசிரமவாசிக பர்வத்தைப் படிப்பவர் குறைவு. முதியவர் ஒருவர் பிறர் வீட்டில் வாழ்வது என்றால் என்ன என்பதை அதைவிட நுட்பமாகச் சொன்ன நூலை நான் அறியேன். நூறு மக்களையும் பறிகொடுத்த திருதராஷ்டிரன், அவர்களைக் கொன்றவர்களின் அரண்மனையில் பதினைந்து ஆண்டுகள் சகல உபசாரத்தோடும் வாழ்கிறான். அவன் விரும்பியபடியெல்லாம் தானம் செய்வதற்குப் பொருள் தருகிறார் தருமர்; சிறையிலிருந்தவர்களை அவன் விடுவித்தபோதுகூட மறுசொல் சொல்லவில்லை. பீமன் மட்டும் தன் தோளைத் தட்டி, இந்தக் கைகளே குருடனின் மக்களைக் கொன்றவை என்று கிழவரின் காது கேட்கப் பேசுகிறான். கடைசியில் வனம் போகத் துணிந்த அரசன், பீஷ்மருக்கும் துரோணருக்கும் தன் மக்களுக்கும் சிராத்தம் செய்து தானம் வழங்கப் பொருள் வேண்டுமென்று விதுரரை அனுப்பிக் கேட்கும்போது, பீமன் தடுக்கிறான். அர்ச்சுனன் சமாதானம் பேசுகிறான். என் சொந்தப் பொக்கிஷத்திலிருந்து எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார் தருமர். அன்னமும் ஆசனமும் கொடுப்பதோடு உபசாரம் தீர்ந்தது என்று அவர் எண்ணவில்லை. பராதீனமாய் வாழ்கிற முதியவனுக்குக் கொடுக்கிற நிலையைத் திருப்பிக் கொடுத்ததிலேயே அவருடைய தர்மம் இருக்கிறது.

பேரப்பிள்ளைகளைப் பகல் முழுதும் பார்த்துக்கொள்கிறார்களே, அது கொடுப்பதாகாதா என்று கேட்கலாம். ஆகும், மாட்டேன் என்று சொல்லும் சுதந்திரம் அவர்களுக்கு இருக்குமானால். பெற்றோர் வேலைக்குப் போகும் வீட்டில் அந்தச் சுதந்திரம் இல்லை. பாஷை வகுப்புக்குப் போகவும் அதனாலேயே முடிவதில்லை.

முதுமை பற்றறுக்க வேண்டிய பருவமல்லவா, கையில் பொருள் எதற்கு என்று வேதாந்தம் பேசுகிறவர்களும் உண்டு. கையில் உள்ளதை விடுவது துறவு. பிடுங்கப்பட்டவனிடத்தில் விடுவதற்கு என்ன இருக்கிறது? அந்த மனுஸ்மிருதியே, வனத்தில் கிழங்கும் கனியும் உண்டு வாழ்கிறவன்கூடத் தன் உணவிலிருந்து பிச்சை இடவும், ஆசிரமத்துக்கு வந்தவரைத் தண்ணீரும் கனியும் தந்து பூஜிக்கவும் விதிக்கிறது. வீட்டைத் துறந்தவனுக்கும் விருந்தோம்பும் கடமையிலிருந்து விடுதலை இல்லை.

ஆகவே, வைத்தியர் முன்னிலையில் பாட்டியின் அந்தரங்க உபாதைகளைப் பன்னிரண்டு வயதுப் பேரனை விட்டு மொழிபெயர்க்கச் செய்வது, எவ்வளவு சௌகரியமானாலும், அவளுடைய கௌரவத்துக்குச் செய்யும் ஹானி. கோயில்களும் சங்கங்களும் முதியோரை வரிசையில் உட்கார்த்தி மதிய உணவு பரிமாறுவதோடு நில்லாமல், பந்தியை நடத்தும் பொறுப்பையும் கணக்கெழுதும் பொறுப்பையும் அவர்களிடம் ஒப்படைக்கவேண்டும்; அவர்களில் எத்தனையோ பேர் பள்ளிக்கூடங்களையும் காரியாலயங்களையும் நிர்வகித்தவர்கள். அரசாங்கத்தின் பத்து ஆண்டுக் கணக்கு, நாட்டில் நெடுங்காலம் உழைத்தவர்க்கு நியாயம் செய்யும் நோக்கமுடையது என்பதை மறுக்கவில்லை. ஆனால் 70 வயதானவருக்குப் பத்து ஆண்டு என்பது எஞ்சிய ஆயுளில் பெரும்பகுதி. அதைக் குறைக்கவேண்டும் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சட்டம் மாறும்வரையில் பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதில்லை. அம்மாவின் பெயரில், அவர் மட்டுமே கையெழுத்திடும் ஒரு வங்கிக் கணக்கைத் திறந்து, மாதந்தோறும் உங்களால் இயன்ற தொகையை அதில் போட்டுவிட்டு, அதை என்ன செய்தீர்கள் என்று ஒருபோதும் கேளாதிருங்கள்.