பல்லியத்தைச் சுமப்பவர் யார்?

செந்தூல் என்றவுடன் மலேசியத் தமிழர் நினைவில் முதலில் எழுவது இரயில்வே பட்டறையே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய அப்பட்டறையில் எஞ்சின்களையும் பெட்டிகளையும் செப்பனிட்ட ஆயிரக்கணக்கான தொழிலாளருள் தமிழர் பெருந்தொகையினராக இருந்தனர். 1945-இல் குண்டுவீச்சில் சிதைந்து மீண்டெழுந்த பட்டறை அது. அந்தச் செந்தூலில், பயனற்றுக் கிடந்த பழைய இரயில்வே கட்டடம் ஒன்று 2005-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் நிகழ்கலை மையமாக உருப்பெற்றது. 2003-ஆம் ஆண்டு வெள்ளத்தில் மெர்டேக்கா சதுக்கத்து நிலத்தடி அரங்கை இழந்த நாடகக் குழுவினர், ஒரு பெருநிறுவனத்தோடும் ஓர் அறக்கட்டளையோடும் கைகோத்து அதனை எழுப்பினர். நாளடைவில் மையத்தின் பெயரைத் தாங்கிய இசைக்குழு ஒன்றும் அங்கே உருவாயிற்று. சம்மட்டி ஒலித்த செந்தூலில் வயலின் ஒலித்தது.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், இரட்டைக் கோபுரத்தின் அடியில், மற்றோர் இசைக்குழு இருக்கிறது. பெட்ரோனாஸ் நிறுவனத்தின் ஆதரவில் அமைந்த மலேசியப் பில்ஹார்மோனிக் இசைக்குழு, 1998 ஆகஸ்டு 17-ஆம் நாள் தன் முதல் நிகழ்ச்சியை அங்கு நடத்தியது. பல நாடுகளிலிருந்து கலைஞர்கள் வந்தனர். இசைக்கென்றே தனி அரங்கம் அமைந்தது. எண்ணெய்ச் செல்வம் ஒன்றைத் தாங்கிற்று. நுழைவுச் சீட்டும் நன்கொடையும் ஆர்வலர் உழைப்பும் மற்றொன்றைத் தாங்க வேண்டியிருந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஓர் அறவினா பிறக்கிறது: தன் வருவாயால் தானே வாழ இயலாத ஒரு கலையைச் சுமக்கும் கடமை யாருடையது?

பல கருவிகள் கூடி ஒலிப்பதைப் பண்டைத் தமிழர் பல்லியம் என்றனர். நெடும்பல்லியத்தனார் என்னும் சங்கப் புலவரின் பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. சிம்பொனி இசைக்குழுவும் ஒரு பல்லியமே. முழு அளவிலான குழுவுக்கு எண்பது, தொண்ணூறு கலைஞர் வேண்டும். ஒவ்வொருவருக்கும் சிறுவயது முதலே நெடுங்காலப் பயிற்சி வேண்டும். இதன் பொருளாதார நெருக்கடியை 1966-இல் வில்லியம் பாமோல், வில்லியம் பொவன் என்னும் அறிஞர் இருவர் தெளிவாக விளக்கினர். ஆலையில் பொறி பெருகப் பெருக ஒரு தொழிலாளி ஆக்கும் பொருள் பெருகுகிறது, ஊதியமும் உயர்கிறது. ஆனால் பீத்தோவன் காலத்தில் நால்வர் அரைமணி நேரம் வாசித்த இசையை இன்றும் நால்வரே அரைமணி நேரம் வாசித்தாக வேண்டும். பிற தொழில்களின் ஊதியத்தோடு கலைஞரின் ஊதியமும் உயர வேண்டியிருக்க, கலையின் விளைச்சலோ உயர்வதில்லை. எனவே இசைக்குழுவின் பற்றாக்குறை நிருவாகப் பிழையால் மட்டும் நேர்வதன்று. அக்கலையின் இயல்பிலேயே அமைந்தது.

அப்பற்றாக்குறையைப் புரவலர் ஈடுசெய்வது பழைய வழி. அதன் இடர் யாது? ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எஸ்தர்ஹாசி அரண்மனையில் இசைப்பணி ஆற்றியவர் ஹைடன். 1790-இல் இளவரசர் நிக்கோலாஸ் மறைந்ததும், அடுத்து வந்தவர் இசைக்குழுவைக் கலைத்தார். மேனாட்டுக் கருவிகளையும் வரவேற்று இசை வளர்த்த தஞ்சை அரண்மனையின் கதையும் வேறன்று. 1855-இல் கடைசி மன்னர் மறைந்து அரசு ஆங்கிலேயர் வசமானபின், கலைஞர் பலர் பிற ஊர்களை நாடிப் பிரிந்தனர். ஒருவர் மனத்தில் வாழும் கலை, அம்மனம் மாறினால் வீதிக்கு வருகிறது.

“தமிழ்ப் பள்ளிகளின் தேவைகளே நிறைவேறாத நிலையில், மேனாட்டு இசைக்குழுவுக்குப் பொருள் எதற்கு?” என்று கேட்பவர் உண்டு. இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பசித்தவனுக்குச் சோறே முதல் அறம். எனினும் ஏழையின் குழந்தைக்கு எழுத்து போதும், இசை வேண்டா என்று வரையறுப்பதும் ஒருவகை வறுமையே. அன்றியும், மேனாட்டது என்பதாலேயே ஒன்று அயலதாகிவிடாது. பாலுசுவாமி தீட்சிதர் போன்றோர் கைப்பட்ட வயலின், இன்று கருநாடக இசையரங்கில் இன்றியமையாத கருவி. பயன்படுத்தியவனுக்கே அது உரிமையாயிற்று. 2025 மார்ச் 8-ஆம் நாள் இளையராஜாவின் சிம்பொனி இலண்டனில் அரங்கேறியது. பண்ணைப்புரத்தில் பிறந்த தமிழரின் படைப்பை வாசித்தது இலண்டன் இசைக்குழு. தமிழர் நெஞ்சில் பெருமிதத்தை எழுப்பிய அந்நாள், ஒரு வினாவையும் எழுப்பாமல் போகவில்லை. படைப்பவன் ஒருவன் தோன்றினால் போதுமா? அவன் படைப்பை ஒலிக்கச் செய்யும் எண்பது பேரை வளர்ப்பது யார்?

விடை தமிழரின் வழக்கத்திலேயே இருக்கிறது. மலேசியக் கோயில்களில் திருவிழாவின் ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு குடும்பத்தார், ஒவ்வொரு தொழிலார் உபயமாக ஏற்கின்றனர். ஓர் உபயக்காரர் விலகினாலும் விழா நிற்பதில்லை. 1950-களில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்காக ஆளுக்கொரு வெள்ளி கேட்டார். மலாயாப் பல்கலைக்கழகத்தின் தமிழ்க் கல்விக்குத் துணைநின்ற அந்நிதிக்குத் தோட்டப்புறத் தொழிலாளரும் வாரி வழங்கினர். பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதித்தறியாதவன் தந்த ஒரு வெள்ளி, தமிழ்த்துறையை அவன் உடைமையாக்கிற்று.

சிறு பங்குகளாலேயே முழு இசைக்குழுவுக்கு மாத ஊதியம் வழங்கிவிட முடியும் என்பதன்று. அரசும் நிறுவனங்களும் உதவத்தான் வேண்டும். ஆனால் அவற்றின் கை தளரும் நாளில் எஞ்சி நிற்பது, மக்கள் தமதென்று கருதிய பகுதி மட்டுமே. பங்கு என்பது பணம் மட்டுமன்று. ஒரு பிள்ளையை வயலின் வகுப்புக்கு அனுப்பும் பெற்றோரும், மாணவரை ஒத்திகைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியரும், வேலை முடிந்து வந்து பின்வரிசையில் அமர்ந்து கேட்பவரும் உபயக்காரரே. கொடை கேட்போரை உருவாக்குகிறது. பங்கு உரியோரை உருவாக்குகிறது.

செந்தூல் பட்டறையில் ஒரு எஞ்சினைத் தனியொருவன் செப்பனிட்டதில்லை. பல கைகள் கூடியே அதனை ஓடச் செய்தன. அவ்வுழைப்பாளரின் பேரப்பிள்ளைகள் பல்லியத்தைக் கேட்க மட்டுமன்றி, அதில் அமர்ந்து வாசிக்கவும் செல்லும் நாளில், அதைச் சுமப்பவர் யார் என்ற வினாவுக்கு விடை தேட வேண்டியிராது.