வாகனம் ஓட்டுவது உரிமையா, சலுகையா?

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் கிதாபு பார்த்துக்கொண்டிருந்தோம். ஓர் இளைஞரும் அவருடைய தாய்மாமனும் வந்து ஸலாம் சொல்லி அமர்ந்தார்கள். இளைஞருக்கு 26 வயதிருக்கும். வளைகுடாவில் வேலை பார்ப்பவர், விடுமுறையில் வந்திருக்கிறார். சில நாட்களுக்கு முன், மக்ரிபுக்குச் சற்று முந்திய மங்கிய வேளையில், பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்திருக்கிறார். இவர் ஓட்டி வந்த கார் அவர் மீது மோதிவிட்டது. ஓடிவிடாமல் தம் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். மறுநாள் பெரியவர் இறந்துவிட்டார். வீடு வீடாகப் பால் ஊற்றிப் பிழைத்தவர்; முஸ்லிம் அல்லர்.

மாமன்தான் பேசினார். “ஹஜ்ரத், போலீஸில் கேஸ் எழுதியாயிற்று. லைசென்ஸ் இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது. ரோடு எல்லோருக்கும் பொது. அதில் போக இவனுக்கும் ஹக்கு உண்டு. வேண்டுமென்றா செய்தான்? அவருடைய அஜல் முடிந்தது, போய்விட்டார். இவன் சாப்பிடாமல் கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறான். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்.”

இளைஞர் வாய் திறக்கவில்லை.

மாமன் சொன்ன ஒவ்வொன்றும் நம்முடைய ஊர்களில் அன்றாடம் கேட்கும் பேச்சுத்தான். ஆகவேதான் இம்மாதம் இதனை எழுத முற்பட்டோம். இந்திய நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்பது மத்திய அரசு வெளியிட்ட கணக்கு. இத்தனை ஜனாஸாக்களுக்குப் பின்னால் இத்தனை ஓட்டுநர்களும் இருக்கிறார்கள் அல்லவா? அவர்களுள் நம்மவர் எத்தனை பேர் இதன் மஸ்அலாவைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார்கள்? ஒளுவின் பர்ளுகளைக் கேட்டு வருவோர் உண்டு. ஸஜ்தா ஸஹ்வைக் கேட்டு வருவோர் உண்டு. காரை ஓட்டி ஓர் உயிரைப் போக்கியவர் அதன் சட்டம் என்னவென்று கேட்டு வந்தது நம் அனுபவத்தில் மிக அரிது. இந்த மாமனும் கேட்டு வரவில்லை. ஆறுதல் சொல்லச் சொல்லித்தான் வந்தார்.

முதலில் ‘ஹக்கு’ என்ற அவருடைய சொல்லை எடுத்துக்கொள்வோம். வாகனம் ஓட்டுவது மனிதனுடைய உரிமையா, அல்லது அரசாங்கம் பார்த்துக் கொடுக்கிற சலுகையா என்று இக்காலத்தில் பல நாடுகளிலும் வாதம் செய்கிறார்கள். உரிமை என்போர், நடமாட்டம் மனிதனின் பிறப்புரிமை, காலால் நடந்தால் என்ன, காரில் போனால் என்ன என்று கேட்கிறார்கள். சலுகை என்போர், லைசென்ஸ் கொடுத்தவனே அதைப் பிடுங்கவும் முடியும். பிடுங்கக் கூடியது உரிமையாகாது என்கிறார்கள். இரு சாராரும் காரைக் கண்ட பிறகே இந்தக் கேள்வி பிறந்தது என எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் போலும். ஒட்டகமும் குதிரையும் கோவேறு கழுதையும் போய்வந்த தெருக்களைப் பார்த்தே நம் இமாம்கள் இதை அலசிவிட்டார்கள்.

ஹிஜ்ரி 593-ல் வபாத்தான இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்களின் ‘ஹிதாயா’ நம் அரபி மதரஸாக்களில் ஓதப்படும் நூல். அதில் கால்நடைகளால் விளையும் சேதங்களைப் பற்றிய பாடம் ஒன்று உண்டு. பொதுவழியில் செல்வது முபாஹ். ஆனால் பிறருக்குச் சேதம் நேராதிருத்தல் என்ற ஷர்த்துடன் கட்டப்பட்ட முபாஹ் என்பது அவர்கள் அங்கே வைக்கும் அடிப்படை. அதற்கு அவர்கள் சொல்லும் காரணத்தைக் கவனிக்க வேண்டும். பொதுவழி மக்கள் யாவருக்கும் கூட்டுச் சொத்து. ஆகவே அதில் செல்பவன் ஒரு வகையில் தன் ஹக்கில் நடக்கிறான்; இன்னொரு வகையில் பிறருடைய ஹக்கின் மீதும் நடக்கிறான். இரு பக்கத்தாரையும் நீதியாகப் பார்க்க வேண்டுமானால், செல்லலாம் என்று அனுமதிக்கவும் வேண்டும். அந்த அனுமதிக்கு ஷர்த்து வைக்கவும் வேண்டும். மாமன் சொன்ன ஹக்கு இதில் பாதி. மற்றப் பாதி அந்தப் பால்காரருடையது.

இந்த ஷர்த்தை இமாம்கள் எவ்வளவு நுணுக்கமாக அளந்தார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். சவாரி செய்பவன், தன் பிராணி மிதித்தாலும் முட்டினாலும் கடித்தாலும் அதற்குப் பொறுப்பாளி. ஓடும்போது அது பின்னங்காலால் உதைத்தாலோ வாலால் அடித்தாலோ பொறுப்பில்லை. ஓட்டத்தில் அதைத் தடுக்க அவனால் இயலாது. அதே பிராணியைத் தெருவில் நிறுத்தி வைத்திருக்கும்போது உதைத்தால்? அப்போது பொறுப்பு உண்டு. நிறுத்தாமல் இருந்திருக்கலாமே! குளம்பு பட்டுச் சிறு கல் தெறித்து ஒருவன் கண் போனால் பொறுப்பில்லை. பெருங்கல் தெறித்தால் உண்டு. முரட்டுத்தனமாக ஓட்டினால்தான் பெருங்கல் தெறிக்கும் என்பதே காரணம். தவிர்க்க இயன்றதா, இயலாததா என்ற ஒரே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தெருவை முழுக்க அளந்திருக்கிறார்கள். (ஜும்ஆ அன்று பள்ளிவாசல் வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு முதல் ஸப்பைப் பிடிக்க விரைவோர், நிறுத்திய பிராணியின் சட்டத்தை மீண்டும் ஒருமுறை வாசிப்பார்களாக.) ஷாபியீ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ இன்னும் கண்டிப்பானது. பிராணியுடன் இருப்பவன், அது உயிருக்கும் பொருளுக்கும் செய்யும் சேதத்திற்கு இரவிலும் பகலிலும் பொறுப்பாளி என்கிறது.

உரிமை என்று முழுதாகச் சொல்ல முடியாது என்பது இதனால் தெளிவாகும். அப்படியானால் சலுகை என்று சொல்லிவிடலாமா? அதுவும் சரியன்று. சலுகை என்றால் கொடுப்பவன் மனம். மறுக்கக் காரணம் கூற வேண்டியதில்லை. முபாஹ் அப்படிப்பட்டதல்ல. அல்லாஹ் ஆகுமாக்கியதை ஆட்சியாளர் கட்டுப்படுத்த வேண்டுமானால், மெய்யான ஒரு தீங்கைக் காட்டியாக வேண்டும்.

ஸவூதி அரபியாவில் நடந்ததை நாம் எல்லோரும் அறிவோம். அங்கே பெண்களுக்கு லைசென்ஸ் கொடுக்கப்படாதிருந்தது. 1990 நவம்பர் 6-ல் ரியாதில் 47 பெண்கள் கார்களை ஓட்டிச் சென்றபின், வழக்கமாக இருந்த தடை, பத்வாவுடன் கூடிய அரசாணையாயிற்று. தீமைக்கு இட்டுச் செல்லும் வாசலை அடைப்பது என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். ஆனால் விளைந்தது என்ன? வீட்டுப் பெண்களைக் கொண்டுபோய் விட்டுவர அன்னிய ஆண்கள் அயல் நாடுகளிலிருந்து ‘ஹவுஸ் டிரைவர்’ விசாவில் வரவழைக்கப்பட்டார்கள். நம் மாவட்டங்களிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. ஒரு வாசலை அடைக்கப் போய், மஹ்ரமல்லாதவருடன் தனித்துப் பயணிக்கும் இன்னொரு வாசல் திறந்துகொண்டதே என்று நமக்குத் தோன்றியதுண்டு. 2017 செப்டம்பர் 26-ல் வந்த அரச உத்தரவு அந்தத் தடையை நீக்கியது. 2018 ஜூன் 24 முதல் பெண்கள் அங்கே ஓட்டுகிறார்கள். மூத்த உலமாக்கள் சபையில் பெரும்பான்மையோர் இதன் அசல் சட்டம் ஆகுமானதே எனக் கருதுவதாகவும், ஆட்சேபித்தவர்கள் அஞ்சிய தீமைகள் உறுதியானவையோ, பெரும்பாலும் நிகழக்கூடியவையோ அல்ல என்பதாகவும் அந்த உத்தரவிலேயே எழுதப்பட்டிருந்தது. பார்வையற்றவருக்கு லைசென்ஸ் மறுப்பது நியாயம். குடிகாரனிடமிருந்து பிடுங்குவது நியாயம். அங்கே தீங்கு கண்முன் நிற்கிறது. ஓட்டத் தெரிந்தவரை, அவர் இன்னார் என்பதற்காக மறுப்பது வேறு.

நம் நாட்டுச் சட்டமும் இதே அளவுகோலில்தான் நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 18 வயது நிறைந்து, ஓட்டிக் காட்டித் தேறியவருக்கு லைசென்ஸ் கொடுக்கச் சொல்கிறது. ஆகவே லைசென்ஸ் என்பது, ‘இவர் கையில் மக்களின் உயிர் பத்திரமாக இருக்கும்’ என்று அரசு சொல்லும் ஷஹாதத், சாட்சியம். எட்டுப் போடாமலேயே தரகரிடம் பணம் கொடுத்து லைசென்ஸ் வாங்கி வருவோர், பொய்ச் சாட்சியத்தை விலைக்கு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். பொய்ச் சாட்சியம் பெரும்பாவங்களில் ஒன்று என்பதை இந்த ஏட்டின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லைசென்ஸே இல்லாத 15, 16 வயதுப் பிள்ளைகளுக்குப் பைக் வாங்க வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பும் தந்தையரைப் பற்றி என்ன சொல்வது! 2019-ல் வந்த திருத்தப்படி, சிறுவன் ஓட்டிக் குற்றம் செய்தால் பொறுப்பாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

இனி அஜலுக்கு வருவோம். அஜல் வராமல் எவரும் இறப்பதில்லை என்பது நம் ஈமான். ஆனால் இளைஞரிடம் என்ன வேகத்தில் வந்தீர் என்று கேட்டபோது, அந்தச் சாலைக்குரிய வேகத்தைவிட அதிகம் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஹஜ்ஜில் அரபாவிலிருந்து திரும்புகையில் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வாறு ஓட்டினார்கள் என்று, உடன் சவாரி செய்த உஸாமா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. கூட்டத்தில் நிதானமாகவும், இடைவெளி கண்ட இடத்தில் சற்று விரைவாகவும் ஓட்டினார்கள் என்று அவர்கள் கூறியது புகாரீ ஷரீபில் பதிவாகியுள்ளது. அன்றைக்கே பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் ஓசை கேட்டு, அமைதி பேணுங்கள், விரைவதில் நன்மையில்லை என்று சாட்டையால் சுட்டிக் காட்டினார்கள். அஜலை நம்பக் கற்றுக்கொடுத்தவர்களே நிதானத்தையும் கற்றுக்கொடுத்தார்கள்.

மேலும், தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவருக்கென்றே திருமறையில் அந்-நிஸா அத்தியாயத்தின் 92-ஆம் வசனம் இருக்கிறது. வேண்டுமென்று செய்யவில்லை என்பதுதான் அந்த வசனம் பேசும் விஷயமே. இறந்தவரின் குடும்பத்தாருக்குத் திய்யத் என்னும் ஈட்டுத்தொகை. அதை அவர்கள் மன்னித்துத் தருமமாக விடலாம். அத்துடன் கப்பாரா: ஓர் அடிமையை உரிமை விடுதல், அது கிட்டாதவர் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு நோற்றல். இறந்தவர், உங்களோடு உடன்படிக்கையுள்ள சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் இவ்விரண்டும் உண்டு என்று அதே வசனம் தனியே எடுத்துக் கூறுகிறது. ஒரே சட்டத்தின் கீழ் ஒரே ஊரில் வாழும் அந்தப் பால்காரர் இதற்கு வெளியே போய்விட முடியுமா? மோதியவரைப் பிராணியின் மேல் இருந்தவராகக் கொண்டு கப்பாராவையும் அவர் மீதே ஹிதாயா சுமத்துகிறது. 1993-ல் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு சபையும், ஓட்டுநரே பொறுப்பாளி என்று தீர்மானித்தது. தடுக்கவே முடியாத சக்தி, அடிபட்டவரின் தவறு, மூன்றாம் நபரின் குற்றம் ஆகியவற்றை மட்டும் விலக்கியது. ஒவ்வொரு விபத்துக்கும் கப்பாரா என்று நாம் சொல்லவில்லை. நடந்ததை ஓர் ஆலிமிடம் மறைக்காமல் சொல்லிக் கேட்டுக்கொள்வது அவசியம்.

இவற்றையெல்லாம் இத்தனை விரிவாக அன்று சொல்லவில்லை. சுருக்கமாகச் சொன்னோம். இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கொடுக்கும், நோன்பை யாரும் கொடுக்க முடியாது என்றோம். மாமனுடைய முகம் மாறியது. “லீவு இருபது நாளில் முடிகிறது ஹஜ்ரத். அங்கே வெயிலில் வேலை. இரண்டு மாதம் விடாமல் என்றால் எப்படி?” என்றார்.

இளைஞர் அப்போதுதான் பேசினார். “எந்தப் பிறையில் தொடங்க வேண்டும் ஹஜ்ரத்?”

சுவரில் தொங்கிய காலண்டரை எடுத்து வந்து பார்த்தோம். இடையில் ரமளானோ, இரு பெருநாட்களோ, தஷ்ரீக் நாட்களோ குறுக்கிடக் கூடாது; ஒரு நாள் விட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிறை ஒன்றில் தொடங்கினால் மாதம் 29-ல் முடிந்தாலும் கணக்கு நிறைவாகும். நடுவில் தொடங்கினால் 60 எண்ண வேண்டும். ரபீயுல் அவ்வல் பிறைக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன. அதற்குள் அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போய்வர வேண்டும், ஜமாஅத்தார் இருவர் உடன் வந்தால் நல்லது என்று இளைஞர் கேட்டுக்கொண்டார். நாமும் வருவதாகச் சொன்னோம். பிறகு, இனி நான் கார் ஓட்டலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். முன்பு எப்படி முபாஹோ அப்படியே, அதே ஷர்த்துடன் என்றோம்.

டிக்கெட்டைத் தள்ளிப் போட ஆகும் செலவைப் பற்றி மாமன் ஏதோ சொல்லத் தொடங்கினார். அதற்குள் மக்ரிபுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள்.