அம்மாகிட்ட கேட்டியா?

கோடை விடுமுறை வந்தால் உங்கள் வீட்டு வாண்டுகளை எங்கே அனுப்புகிறீர்கள்? நீச்சல், கீபோர்டு, அபாகஸ், கராத்தே... இந்தப் பட்டியலில் இப்போது ‘கதை எழுதும் முகாம்’ என்று ஒன்றும் சேர்ந்திருக்கிறது. நல்ல விஷயம்தான். 2022-ல் பள்ளிக் கல்வித் துறையே ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்று பிள்ளைகளுக்காக இதழ்கள் ஆரம்பித்துவிட்டது. நம்ம பேரும் அச்சில் வரும் என்கிற ஆசை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது.

அப்படி ஒரு முகாமுக்கு, ஒரு மே மாதத்தில் என்னையும் ஒரு நாள் வாத்தியாராகக் கூப்பிட்டார்கள். தேர்வாய் கண்டிகைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஊர் பேர் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதுதான் இந்த வாரம் நான் பேசப் போவது.

சென்னையிலிருந்து ஜி.என்.டி. ரோட்டில் வடக்கே போய், கவரைப்பேட்டையில் சத்தியவேடு சாலையில் திரும்ப வேண்டும். கொஞ்ச தூரம் வயல், அப்புறம் செங்கல் சூளை, அப்புறம் திடீரென்று அகலமான சிப்காட் சாலைகள். ஷிப்ட் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும். பக்கத்திலேயே கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம். 2020 நவம்பரில் திறந்தார்கள். அரை டி.எம்.சி. தண்ணீர், சென்னையின் குடிநீருக்காக. நீங்கள் காலையில் குடிக்கும் காபியில்கூட ஒரு மடக்கு அந்த ஊர்த் தண்ணீராக இருக்கலாம்.

எனக்கு அந்தப் பகுதி புதிது இல்லை. 2009-ல், நிருபர் வேலையில் மீசை முளைத்த காலத்தில் போயிருக்கிறேன். தொழிற்பூங்காவுக்காக ஆயிரத்து நூறு ஏக்கருக்கு மேல் மேய்க்கால் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டிருந்தது. பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் ஊர். ‘எங்க ஆடு மாடு எங்கே மேயும், ஏரிக்குத் தண்ணி எங்கேருந்து வரும்?’ என்று உண்ணாவிரதம், கோர்ட், கேஸ் என்று போராடினார்கள். அந்த வருஷம் நவம்பரில்தான் பிரெஞ்சு டயர் நிறுவனமான மிஷெலின் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. பிறகு 2012-ல் அந்த ஊர்ப் புகார் பிரான்ஸ் வரைக்கும் போனது தனிக்கதை.

நான் போனபோது ஒரு ஆயா மாட்டுக்கொட்டகை ஓரம் உட்கார்ந்து பேசினார். காடு, தழை, மாடு என்று எல்லாம் சொன்னவர், பேச்சுவாக்கில், ‘மருமவ அவங்க ஆத்தா வூட்டுக்குப் போயி எட்டு மாசம் ஆவுது நைனா’ என்றும் சொல்லிவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கட்டுரையின் கடைசிப் பாராவில் காலியான கொட்டகையையும் மருமகள் இல்லாத வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஆபீஸில் கை குலுக்கினார்கள். ‘கடைசி பாரா கலங்கடிச்சிருச்சுப்பா!’

ரெண்டு வாரம் கழித்து உள்ளூர் நிருபர் போன் பண்ணினார். ‘அந்த ஆயா உங்களைத் திட்டுது சார். சமாதானம் பேசிட்டு இருந்தாங்களாம். பொண்ணு வீட்டுக்காரங்க பேப்பரைப் பார்த்துட்டு, ஊர் சிரிக்க வச்சுட்டீங்களேன்னு எழுந்து போயிட்டாங்களாம்.’

நான் பி.காம். படித்தவன். ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று விழுந்தே ஆகும் என்பது முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்த பாடம். பாராட்டு என் பெயரில் வரவானது. பற்று யார் கணக்கில் விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு நான் அந்த ஆயாவைப் போய்ப் பார்க்கவே இல்லை. தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

சரி, முகாமுக்கு வருவோம். முப்பது பிள்ளைகள், எட்டாவதிலிருந்து பத்தாவது வரை. எங்கே பார்த்தாலும் ராஜா, ராணி, பேசும் கிளி, ‘மரம் வளர்ப்போம்’. எனக்குச் சலிப்பாகிவிட்டது. ‘அதெல்லாம் போதும். உங்க வீட்டுல யாரும் வெளியே சொல்லாத ஒரு விஷயத்தை எழுதுங்க பார்க்கலாம்’ என்றேன். பெரிய வித்தை கற்றுக்கொடுத்த மிதப்பு எனக்கு.

அரை மணி நேரம் மின்விசிறி சத்தம் மட்டும்தான். ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். அவள் அம்மா கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர். தாலிக்குண்டை அடகு வைத்துவிட்டு வெறும் மஞ்சள் கயிறு போட்டுக்கொண்டிருக்கிறார். யாராவது கேட்டால், ‘வெயிலுக்குத் தங்கம் கழுத்துல அரிக்குது’ என்று சொல்லிச் சிரிப்பாராம். ராத்திரியில் மட்டும் அந்தக் கயிற்றில் எதையோ தேடுகிற மாதிரி விரல் நகர்ந்துகொண்டே இருக்குமாம். படித்துவிட்டு நான் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். இருபது வருஷம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு அந்த விரல் தோன்றியிருக்காது.

(இதை உங்களிடம் சொல்லலாமா என்று அந்த அம்மாவிடமும் பெண்ணிடமும் போனில் கேட்டேன். பெண்தான், ‘ஒரு விஷயத்தை மட்டும் மாத்திடுங்க சார்’ என்றாள். மாற்றியிருக்கிறேன். எது என்று கேட்காதீர்கள்.)

மறுநாள் நிறைவு விழா. பெற்றோர் வருவார்கள், சிறந்த மூன்றை மேடையில் வாசிக்க வேண்டும். இவளுடையதுதான் முதல் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அப்போது எனக்கு அந்த ஆயாவின் கொட்டகை ஞாபகம் வந்தது. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ‘அம்மாகிட்ட கேட்டியா?’ என்றேன். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

முகாமை நடத்திய இளம் ஆசிரியைக்கு என் மேல் கோபம். ‘அவ பார்த்தது, அவ எழுதினது. அது அவளோட கதை சார். எல்லாத்துக்கும் அனுமதி கேட்டா எவ எழுதுவா?’ என்றார். நியாயமான கேள்வி. நான் அவருக்குச் சொன்ன பதிலைவிட, ஊர் திரும்பும்போது பஸ்ஸில் எனக்கே சொல்லிக்கொண்டதுதான் அதிகம்.

டால்ஸ்டாய்க்கு இந்தச் சங்கடம் வந்திருக்கிறது. 1859-ல் தன் ஊரான யாஸ்னயா பொல்யானாவில் குடியானவர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். ஒருநாள், கரண்டியால் ஊட்டிவிட்டு அதே கரண்டிக் காம்பால் கண்ணைக் குத்துவது பற்றிய ஒரு பழமொழியை வைத்துக் கதை எழுதலாம் என்று ஆரம்பித்தார். பிள்ளைகள் இவரைத் திருத்த ஆரம்பித்துவிட்டார்கள்! ரெண்டு பையன்களோடு உட்கார்ந்து, இரவு நெடுநேரம் வரைக்கும் அவர்கள் சொல்லச் சொல்ல இவர் எழுதினார். 1862-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே வெளியிட்டார். யார் யாரிடம் எழுதக் கற்றுக்கொள்வது, பிள்ளைகள் நம்மிடமா, நாம் பிள்ளைகளிடமா என்பதுதான் அதன் தலைப்பே. எல்லோரும் அந்தத் தலைப்போடு கைதட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த இரவு தனக்குச் சந்தோஷத்தோடு பயமும் வந்தது என்கிறார் அவர். பார்க்கக் கூடாத ஒன்றை எட்டிப் பார்த்துவிட்ட குற்ற உணர்ச்சி. டால்ஸ்டாய்க்கே அப்படி என்றால், ‘வீட்டுல சொல்லாததை எழுது’ என்று உத்தரவு போட்ட எனக்கு எவ்வளவு இருந்திருக்க வேண்டும்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இத்தாலியில் பார்பியானா என்கிற மலைக்கிராமத்துப் பள்ளிப் பையன்கள் எட்டுப் பேர் சேர்ந்து எழுதிய புத்தகம் 1967-ல் வந்தது. தமிழில் ‘எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்குனீங்க?’ என்று உங்களில் பலர் படித்திருப்பீர்கள். அந்தப் பையன்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் புத்தகமே இல்லை. ஆனால் அவர்கள் எழுதியது யாரை நோக்கி? பெயில் போடும் அதிகாரம் உள்ளவரை நோக்கி. தங்கள் பெயரைக்கூடத் தனித்தனியாகப் போடாமல், ‘பார்பியானா பள்ளி’ என்றுதான் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆக, நம்மைவிட மேலே இருப்பவரைப் பற்றி எழுதும்போது துணிச்சல் போதும். நம்மோடு ஒரே பாயில் படுத்திருப்பவரைப் பற்றி எழுதும்போது ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஒரு கோடு போட்டேன். 2009-ல் நான் செய்தது தலைகீழ். நிலத்தை எடுத்த உத்தரவு எண், தேதி, கையெழுத்து எல்லாவற்றையும் அரைகுறையாக விட்டுவிட்டு, ஆயா வீட்டு மருமகளை மட்டும் தெளிவாக எழுதினேன்.

நல்ல கோடுதான். ஆனால் அது கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் அழிந்துவிட்டது. ஏனென்றால், அதே முகாமில் இன்னொரு தாளும் வந்தது. வீட்டில் அடி வாங்குகிற ஒரு பிள்ளை, பையனா பெண்ணா என்பதும் வேண்டாம், அதை நாலே வரியில் எழுதியிருந்தது. அந்தப் பிள்ளையிடம் போய், ‘அப்பாகிட்ட கேட்டியா?’ என்று கேட்க முடியுமா? ஒரே பாயில் படுத்திருப்பவர்தான் அங்கே அதிகாரி. அந்த ஆசிரியை அந்தத் தாளைப் படித்ததும் மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். ‘இது கதை இல்ல சார், புகார்’ என்றார். அன்று சாயங்காலமே 1098-க்குப் பேசினார். எழுதச் சொல்கிற எல்லா முகாமிலும், வாசிக்கத் தெரிந்த இப்படி ஒருத்தர் இருந்தே தீர வேண்டும். என்னைப் போன்ற விருந்தாளிகள் கைதட்டல் வாங்கிக்கொண்டு சாயங்கால பஸ்ஸைப் பிடித்துவிடுவோம்.

நிறைவு விழாவுக்கு மறுபடியும் போனேன். அந்தப் பெண் மேடை ஏறினாள். மஞ்சள் கயிறு இல்லை. ஒரு ஆட்டுக்குட்டி தொலைந்துபோய்க் கிடைத்த கதையை வாசித்தாள். சுமாரான கதை. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குள் ஒரு நிம்மதி. இந்தத் தடவை சரியாகச் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

விழா முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் அம்மா வந்தார். கம்பெனி அடையாள அட்டையைப் புடவை மடிப்பில் செருகியிருந்தார்.

‘சார், எம்பொண்ணு என்னைப் பத்தி எழுதினாளாமே, படிச்சீங்களா?’

‘படிச்சேம்மா. ரொம்ப நல்லா எழுதியிருந்தா.’

‘அப்ப ஏன் சார் அதைப் படிக்கக் கூடாதுன்னுட்டீங்க? நேத்து ராத்திரி எங்கிட்ட படிச்சுக் காமிச்சா. எனக்கு அழுகையே வந்துடுச்சு. மேடையில படிடி, எல்லார் வூட்டுலயும் இருக்கிறதுதானேன்னேன். அவதான் சார் வேணாம்னுட்டாருன்னா.’

‘நான் வேண்டாம்னு சொல்லலம்மா. உங்ககிட்ட கேட்டியான்னுதான்...’

‘சாரு அப்படிக் கேட்டா, புள்ளைக்கு அது வேணாம்னுதானே சார் கேக்கும்?’

அதற்குள் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. செகண்ட் ஷிப்ட். மகள் தலையில் ஒரு கையை வைத்து அழுத்திவிட்டு ஓடினார்.